ஊதியவர் பதில்கள்: பந்திக் கதவும் கிளாரினெட்டும்

சென்ற மாதம் இந்தப் பகுதியில், "கிளாரினெட்டில் சுரத்தைத் தீர்மானிப்பது ரீடு" என்று ஒரே வரியில் எழுதித் தொலைத்துவிட்டேன். (கிளாரினெட் என்பது நான் ஊதும் மேற்கத்தியக் குழல் வாத்தியம். ரீடு என்பது அதன் ஊதுவாயில் பூட்டும் மெல்லிய நாணல் பட்டை.) இதழ் வந்த அன்று மாலையே எங்கள் மாடியில் குடியிருக்கும் இயற்பியல் ஆசிரியர் அதைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். வாடகை கொடுக்கக்கூட அவ்வளவு வேகமாக அவர் இறங்கி வந்ததில்லை. "ஐயா, முப்பத்தெட்டு வருடம் வாசித்த நீங்களே இப்படி எழுதலாமா?" என்றார். இரவு சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசிக்கொண்டிருந்தார். அவர் மாடி ஏறிய பிறகு, முப்பத்தெட்டு வருடம் வாயில் வைத்திருந்த பொருளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது தெரிந்தது. வாசகர்களும் விடவில்லை. கட்டுக்கட்டாகக் கடிதங்கள். இந்த மாதம் முழுக்க அந்தப் பஞ்சாயத்துதான்.

கே: தாத்தா, ரீடு ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு வேகத்தில் அதிர வேண்டும் என்று எங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. எவ்வளவு வேகம் என்று அதற்கு யார் சொல்கிறார்கள்?
(பத்தாம் வகுப்பு மாணவி, கும்பகோணம்)

ப: நீ கேட்ட கேள்வியை நான் பதினேழு வயதில் என் வாத்தியாரிடம் கேட்டிருக்க வேண்டும், குழந்தை. கேட்டிருந்தால் ஒரு குட்டு கிடைத்திருக்கும் என்பது வேறு விஷயம்.

முதலில் ரீடைப் பார். கட்டைவிரலை விடக் கொஞ்சம் நீளம், அகலம் அதைவிடக் குறைவு. ஒரு பக்கம் தட்டை. மறுபக்கம் சீவிச் சீவி, நுனிக்கு வரும்போது ஒரு ரூபாய் நோட்டின் கனம்தான் இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நுனி ஒளி ஊடுருவித் தெரியும். இதை ஊதுவாயில் வைத்து வளையத்தால் இறுக்கினால், நுனிக்கும் ஊதுவாயின் விளிம்புக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் சந்து மிஞ்சும். அந்தச் சந்துதான் கதவு. அதன் வழியாகத்தான் என் மூச்சு குழாய்க்குள் போக வேண்டும்.

இப்போது கல்யாண மண்டபத்துக்கு வா. பந்திக் கதவைப் பார்த்திருப்பாய். எனக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் இருந்தார். எந்தக் கல்யாணமானாலும், யார் சொல்லாமலும், தோளில் துண்டோடு போய் அந்தக் கதவருகே நின்றுகொள்வார். "கொஞ்சம் பொறுங்கள், கொஞ்சம் பொறுங்கள்" என்று கையைக் காட்டுவார். திறப்பதும் மூடுவதும் தன் ஆணைப்படி நடப்பதாகச் சாகும்வரை நம்பினார். உண்மையில் கதவு எப்போது திறக்கும்? உட்கார்ந்த பந்தி மோர் சாதம் முடித்து எழுந்து, இலை எடுத்து, பெஞ்சு துடைத்த பிறகு. கூடம் நீளமாக இருந்தால் நேரமாகும். குட்டையாக இருந்தால் சட்டென்று முடியும். ஆகக் கதவின் தாளத்தை நிர்ணயிப்பது கூடத்தின் நீளம். சித்தப்பா வெறும் துண்டு.

ரீடுதான் சித்தப்பா.

நான் ஊதும்போது காற்று ஒரு நெரிசலாகக் குழாய்க்குள் நுழைகிறது. அந்த நெரிசல் விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. (காற்று அவ்வளவு வேகத்தில் ஓடவில்லை, நெரிசல்தான் ஓடுகிறது. வரிசையில் கடைசி ஆள் தள்ளினால் எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்க, தள்ளல் மட்டும் முன்னால் போகுமே, அப்படி. இந்த அடைப்புக்குறி மாடி ஆசிரியரின் கட்டளை.) திறந்த முனையை அடைந்ததும் நெரிசல் வெளியே விரிந்துவிடுகிறது. அதற்குப் பதில் உள்ளே திரும்பி வருவது ஒரு வெறுமை. அந்த வெறுமை வந்து ரீடை உள்ளே இழுக்கக் கதவு சாத்திக்கொள்கிறது. சாத்திய கதவில் முட்டிய வெறுமை வெறுமையாகவே மறுபடி கிளம்பித் திறந்த முனைக்குப் போகிறது. இந்த முறை அங்கிருந்து நெரிசலாகத் திரும்புகிறது. அது வந்து ரீடைத் தள்ளக் கதவு திறக்கிறது. என் மூச்சு அடுத்த பந்தியாக உள்ளே போகிறது. போக, வர, போக, வர என்று நான்கு நடை நடந்தால் ஒரு சுற்று.

கணக்குப் போட்டுப் பார். எங்கள் பேண்டு செட்டுகளில் வழக்கமாக இருக்கும் பி-பிளாட் கிளாரினெட்டில் எல்லாத் துளைகளையும் மூடினால், ஒலிக்கு நடக்கக் கிடைக்கும் நீளம் சுமார் 59 சென்டிமீட்டர். நான்கு நடைக்கு இரண்டு மீட்டர் முப்பத்தைந்து சொச்சம். 345-ஐ அதனால் வகு. 147 வருகிறது. அந்த வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த சுரம் விநாடிக்கு ஏறக்குறைய 147 அதிர்வு. விரலை எடுத்து ஒரு துளையைத் திறந்தால் கூடம் குட்டையாகிறது, பந்தி வேகமாகிறது, சுரம் ஏறுகிறது. உன் கேள்விக்கு நேரான பதில்: ரீடுக்கு வேகம் சொல்வது குழாய்.

கே: ஆறு மாதமாக என் மகன் கிளாரினெட் பயில்கிறான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை 'கீச்' என்று ஒரு சத்தம். தெரு நாய் எங்கள் வாசலில் படுப்பதை விட்டுவிட்டது. பிழை பையனுடையதா, ரீடுடையதா?
(ஓர் அம்மா, திண்டுக்கல்)

ப: நாய்க்கு நல்ல காது. பையனைத் திட்டாதீர்கள் அம்மா. முப்பத்தெட்டு வருடம் வாசித்த என் கீச்சு ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

திருவையாற்றுப் பக்கம் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. சாரட்டு வண்டியில் வெள்ளைக் குதிரை பூட்டி, மாப்பிள்ளை கோட்டு சூட்டு போட்டு, தலைப்பாகை வைத்து உட்கார்ந்திருந்தார். குதிரைக்கு நான்கடி முன்னால் நான். அன்று மத்தியானம் வெற்றிலையில் சுண்ணாம்பு அதிகமாகிக் கீழுதடு வெந்து போயிருந்தது. எரிச்சல் தாங்காமல் உதட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தேன். காபி ராகத்தில் ஒரு பாட்டின் அனுபல்லவியில் மேலே ஏறும் இடம். கீச்! உங்கள் மகனுடைய கீச்சு மாதிரி அல்ல அம்மா அது, இரயில் கீச்சு. குதிரை முன்னங்கால் இரண்டையும் தூக்கியது. மாப்பிள்ளை சாரட்டின் பக்கக் கம்பியை இரு கையாலும் பிடித்துக்கொள்ள, தலைப்பாகை மட்டும் தனியாக இறங்கிச் சாக்கடையோரம் போய் நின்றது. பெண்ணின் தாய்மாமன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கூலி கொடுக்கும்போது ஐம்பது ரூபாயைத் தனியாக எடுத்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இது குதிரைக்கு" என்றார்.

நடந்தது என்னவென்றால், ரீடுக்குச் சொந்தமாக ஒரு சுரம் உண்டு. குழாயை விட்டுவிட்டுத் தானே அதிர்ந்தால் விநாடிக்கு இரண்டாயிரம் தடவைக்கு மேல் அதிரும். அந்த ஆசை அதற்கு எப்போதும் உண்டு. கீழுதடு மெத்தை மாதிரி அதன்மேல் அழுந்தி அந்த ஆசையை அடக்கி வைத்திருக்கிறது. ஆகையால் அது வேறு வழியில்லாமல் குழாய்க்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. உதடு தளர்ந்த மறுகணம் ரீடு தன் சொந்தக் கச்சேரியைத் தொடங்கிவிடும். ரீடு ஒரு மயிரிழை கோணலாகப் பூட்டியிருந்தாலும், நுனி கிழிந்திருந்தாலும், விரல் ஒரு துளையைச் சரியாக மூடாமல் காற்று கசிந்தாலும் இதே கதைதான்.

உங்கள் மகனின் ரீடு நுனியைச் சன்னல் வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள். ஓரத்தில் கீறல் இருந்தால் தூக்கிப் போடுங்கள். இல்லாவிட்டால் அவன் கீழுதட்டுக்கு இன்னும் ஆறு மாதம் அவகாசம் கொடுங்கள். நாய் திரும்பி வந்துவிடும்.

கே: பலமாக ஊதினால் சுருதி ஏறும்தானே?
(ஒரு வாசகர், விருதுநகர்)

ப: ஏறாது. சத்தம்தான் ஏறும். கிளாரினெட்டில் பலமாக ஊதினால் சுருதி ஒரு நூலளவு இறங்கக்கூடச் செய்யும், மெல்ல ஊதினால் ஒரு நூலளவு ஏறும். புல்லாங்குழலில் இது தலைகீழ். அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து ஒரே நேரத்தில் உரக்க வாசிக்கச் சொன்னால் இருவரும் முறைத்துக்கொள்வார்கள்.

இன்னும் பலமாக ஊதினால் என்ன ஆகும் தெரியுமா? ஒன்றும் ஆகாது. ஒரு சத்தமும் வராது. ரீடு ஊதுவாயோடு அப்படியே ஒட்டிக்கொள்ளும். இருநூறு பேர் ஒரேயடியாகப் பந்திக் கதவை நெருக்கினால் ஒருவரும் உள்ளே போக முடியாதே, அது மாதிரி. கன்னம் உப்பி, கண் பிதுங்கி, கழுத்து நரம்பு புடைத்து, மௌனமாக நிற்கும் கிளாரினெட்காரரை நீங்கள் பார்த்தால் கை கொடுத்து உட்கார வையுங்கள்.

கே: கிளாரினெட் தமிழன் கண்டுபிடித்த வாத்தியம் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?
(தமிழ்ப் பற்றாளர், ஈரோடு)

ப: இல்லை ஐயா. ஜெர்மனியில் நூரம்பெர்க் நகரத்து வாத்தியக் கைவினைஞர் யோஹான் கிறிஸ்டோப் டென்னர், 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்தது. மோட்சார்ட் 1791-இல், தாம் இறந்த ஆண்டிலேயே, அன்டன் ஸ்டாட்லர் என்ற வித்வானுக்காக இதற்கென்று ஒரு கான்செர்ட்டோ எழுதிவிட்டார். நம் பங்கு வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சதிர்க் கச்சேரியில் (பரதநாட்டியத்தின் பழைய வடிவம்) முகவீணை என்ற சிறு ஊதுகுழல் இருந்த இடத்துக்கு இதைக் கொண்டுவந்து உட்கார வைத்து, கமகம் (சுரத்தை அசைத்து வளைப்பது) பேச வைத்தோம். நண்பரிடம் அதை அடித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கே: நாதஸ்வரத்துக்கும் சீவாளி, கிளாரினெட்டுக்கும் ரீடு. இரண்டும் ஒன்றுதானே? பெயர்தான் வேறா?
(ஓய்வு பெற்ற தபால்காரர், சீர்காழி)

ப: இரண்டும் நாணல் சாதிதான். ஆனால் சீவாளியில் இரண்டு உதடு. கொறுக்கைத் தட்டையை ஊற வைத்து, வேக வைத்து, காய வைத்து, மடித்துக் கட்டுவார்கள். திருவாவடுதுறையில் தலைமுறை தலைமுறையாக இந்த வேலை நடக்கிறது. அந்த இரண்டு உதடும் ஒன்றோடொன்று மோதித் திறந்து மூடும். கிளாரினெட் ரீடு ஒற்றை. அது மோதுவது ஊதுவாயின் விளிம்போடு. தெற்குப் பிரான்சின் வார் பகுதியில் விளையும் நாணலில் சீவியது. உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஒன்று இரட்டைக் கதவு, மற்றொன்று ஒற்றைக் கதவு.

பெரிய வேறுபாடு கதவில் இல்லை, கூடத்தில் இருக்கிறது. நாதஸ்வரம் வாய்ப் பக்கம் ஒடுங்கி அனசு (அடியிலுள்ள விரிந்த வாய்) பக்கம் விரியும். கிளாரினெட் பெரும்பகுதி ஒரே அகலம், மூங்கில் மாதிரி. இதனால் வரும் வம்பைக் கேளுங்கள். நாதஸ்வரத்தில் கீழ் ஸ்தாயி ஷட்ஜத்துக்கு ('ச') வைத்த பிடியிலேயே அழுத்தி ஊதினால் மேல் ஸ்தாயி ஷட்ஜம் வரும். புல்லாங்குழலிலும் அப்படியே. கிளாரினெட்டில் மேல் மாடிக்கு ஏற இடது கட்டைவிரலுக்கு ஒரு சாவி உண்டு. அதை அழுத்தினால் ஷட்ஜம் வராது. அதற்கும் மேலே போய்ப் பஞ்சமம் ('ப') வரும்! ஒரு முனை மூடி ஒரு முனை திறந்த நேர்க்குழாய், அடிச் சுரத்தின் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வுகளுக்குத்தான் இடம் கொடுக்கும். இரண்டு மடங்கை அது மதிப்பதே இல்லை. இரண்டு மடங்குதானே மேல் ஷட்ஜம்? மூன்று மடங்கு அதற்கு மேலுள்ள பஞ்சமம். முதல் மாடிக்குப் போகப் படியேறினால் ஒன்றரை மாடியில் கொண்டுபோய் விடுகிற வீடு இது.

நான் நாதஸ்வரக் குடும்பத்திலிருந்து கிளாரினெட்டுக்கு வந்தவன். முதல் மாதம் சரளி வரிசையில் மேல் ஷட்ஜத்துக்கு அந்தச் சாவியை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு தடவையும் பஞ்சமத்தில் போய் விழுந்தேன். வாத்தியார் குட்டியதற்குக் காரணம் டென்னர் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

இந்தக் குணத்தால் ஒரு லாபமும் உண்டு. இரண்டு பக்கமும் திறந்த புல்லாங்குழல் ஏறக்குறைய இதே நீளம். மேற்கத்தியக் குழலின் அடிச் சுரம் விநாடிக்கு 262. கிளாரினெட்டுக்கு 147. அந்த நீளத்துக்கு அந்தக் கனத்த குரல் வருவது நான்கு நடை நடப்பதால்.

கே: நாதஸ்வரக்காரர் முன்னால் புளி தின்றால் அவரால் வாசிக்க முடியாதாமே? கிளாரினெட்டுக்கும் இது பொருந்துமா?
(பெயர் வேண்டாம், மயிலாடுதுறை)

ப: பெயர் வேண்டாம் என்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் செய்து பார்த்தவர்.

ரீடுக்கு ஈரம் வேண்டும். காய்ந்த ரீடு நுனி அப்பளம் மாதிரி நெளிந்து நிற்கும், ஊதுவாயில் படியாது. அதனால்தான் வாசிக்கும் முன் இரண்டு நிமிடம் வாயில் வைத்துச் சப்புகிறோம். தாகத்துக்கு அல்ல. ஆனால் அளவு மீறி எச்சில் சேர்ந்தால் ரீடுக்கும் ஊதுவாய்க்கும் நடுவில் துளி நின்று, சுரத்தோடு சுரமாக 'களக் களக்' என்று ஒரு சத்தம் வரும். குழாய்ப் புட்டு வேகிற சத்தம். எங்கள் தெருவில் ஒருமுறை நான்கு பையன்கள் வரிசையாக நின்று புளியங்காயை உப்பில் தொட்டுத் தின்றார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன், இரசிகர்கள் இலயித்துவிட்டேன் என்று நினைத்து "ஆகா" என்றார்கள். கண்ணை மூடினாலும் காது இருக்கிறதே. கடிக்கிற சத்தம் போதும்.

கே: பத்து ரீடு அடங்கிய பெட்டி வாங்கினேன். எல்லாவற்றிலும் '2½' என்றுதான் அச்சிட்டிருக்கிறது. இரண்டுதான் பேசுகிறது, மூன்று முனகுகிறது, மற்றவை ஊமை. ஏமாற்றப்பட்டேனா?
(இளம் கலைஞர், தூத்துக்குடி)

ப: இரண்டு பேசுகிறதா? அதிர்ஷ்டசாலி. பெட்டியை மாற்றக் கடைக்குப் போய்விடாதீர்கள், கடைக்காரர் உங்களை வாழ்த்தி அனுப்பிவிடுவார்.

அந்த எண் ரீடின் விறைப்பு. ஒன்றிலிருந்து ஐந்து வரை, எண் ஏற ஏற வளைக்கப் பலம் வேண்டும். கனமும் அளவும் எல்லாவற்றிலும் ஒன்றுதான், எந்திரம் அப்படிச் சீவும். ஆனால் நாணல் புல் ஆயிற்றே, தம்பி. ஒரே புதரில் வெயில் பட்ட தண்டு ஒரு மாதிரி, நிழலில் நின்றது ஒரு மாதிரி. நரம்பு ஒரு பக்கம் நெருக்கம், மறுபக்கம் இளக்கம். இடது ஓரம் விறைத்து வலது ஓரம் தளர்ந்தால் கதவு கோணலாகச் சாத்தும். எங்கள் செட்டில் ஒரு மூத்தவர் புது ரீடு ஒவ்வொன்றையும் நகத்தால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டு, பின்பக்கத்தில் பேனாவால் 'கல்யாணம்', 'அரங்கேற்றம்', 'சாவு' என்று எழுதி வைப்பார். நல்லது அரங்கேற்றத்துக்கு. சுமாரானது கல்யாணத்துக்கு, அங்கே ஒலிபெருக்கியும் பேச்சும் மூடிவிடும். மூன்றாவதைக் கேட்டுக் குறை சொல்ல வேண்டியவர் படுத்திருப்பார்.

ஊமை ரீடுகளைத் தூக்கிப் போடாதீர்கள். தினம் ஐந்து நிமிடம் வாசித்துக் கழுவித் தட்டையான கண்ணாடிமேல் காய வையுங்கள். இரண்டு வாரத்தில் இரண்டொன்று வாய் திறக்கும்.

கே: ஹார்மோனியத்திலும் ரீடு இருக்கிறதே, அதற்கு எந்தக் குழாய் சொல்கிறது?
(ஹார்மோனியம் பழுது பார்ப்பவர், மதுரை)

ப: வாருங்கள், உங்களைத்தான் எதிர்பார்த்தேன். உங்கள் ரீடு பித்தளை. யார் சொல்லியும் கேட்காது. அதன் நீளமும் கனமும் தான் சுரம், அதனால்தான் ஒவ்வொரு சுரத்துக்கும் தனி ரீடு வைக்க வேண்டியிருக்கிறது. நீங்களும் சுருதி சேர்க்க அரத்தை எடுத்துக்கொண்டு நுனியில் ஒரு சுரண்டு, அடியில் ஒரு சுரண்டு என்று உட்காருகிறீர்கள். நுனியைச் சுரண்டினால் ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ரீடு ஒற்றை ஆள். ஒரே ஆள் எல்லாச் சுரத்துக்கும் ஓடுகிறான், ஏனென்றால் அவனுடைய சொந்தப் புத்தியை உதடு அடக்கி வைத்திருக்கிறது.

இதனால்தான் மலையில் நமக்குள் சண்டை வருகிறது. கொடைக்கானலில் ஒரு விடியற்காலைக் கல்யாணம். காற்று குளிர்ந்தால் ஒலியின் நடை தளரும், ஒரு டிகிரிக்கு ஓர் அரைச்சுரத்தின் நூறில் மூன்று பங்கு என் சுருதி இறங்கும். தஞ்சாவூர் மத்தியானத்துக்கும் அந்த விடியற்காலைக்கும் இருபது டிகிரி வித்தியாசம். என் ஹார்மோனியக்காரர் அசையவே இல்லை, அவருடைய பித்தளை குளிரில் ஒரு நூலளவு ஏறக்கூடச் செய்யும். நான் குழாய்க்குள் வெந்நீர் குடித்த மூச்சை விட்டுச் சூடேற்றிக்கொண்டே இருந்தேன். முகூர்த்தம் முடிந்து இட்லி வந்த நேரத்தில் இருவரும் ஒரு சுருதிக்கு வந்து சேர்ந்தோம்.

கே: சாவி வைத்த வாத்தியத்தில் ஏ.கே.சி. நடராஜன் எப்படித் தோடியும் பைரவியும் வாசித்தார்? சாவிக்குச் சாவி தாவினால் கமகம் துண்டு துண்டாகாதா?
(இசை ஆர்வலர், திருச்சி)

ப: 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று பெயர் பெற்றவரைப் பற்றித் திருச்சிக்காரரே கேட்கிறீர்கள். 2008-இல் சங்கீத கலாநிதி, 2022-இல் பத்மஸ்ரீ. அவர் வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்த இரவுகளில் என் வாத்தியத்தைப் பெட்டியைத் திறக்காமலே பரணில் வைத்திருக்கிறேன்.

ரீடு குழாய்க்குக் கட்டுப்பட்டது என்றேன். ஆனால் முழு அடிமையில்லை. உதட்டின் அழுத்தத்தைத் தளர்த்தினால் சுரம் இறங்கும். தொண்டையையும் நாக்கின் மேட்டையும் மாற்றினால், வாய்க்குள் இருக்கும் காற்று அறையும் பஞ்சாயத்தில் ஒரு குரல் கொடுக்கும். மேல் ஸ்தாயியில் அந்தக் குரலுக்கு மரியாதை அதிகம். இதோடு விரலைத் துளைமேல் பொத்தென்று வைக்காமல், ஓரத்திலிருந்து மெல்ல உருட்டி மூட வேண்டும். துளை கால், அரை, முக்கால் என்று மூடும்போது கூடத்தின் நீளமும் அப்படியே மெல்ல நீள்கிறது. 1924-இல் நியூயார்க்கில் அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் ப்ளூ' அரங்கேறியபோது, தொடக்கத்தில் ராஸ் கார்மன் என்ற வித்வான் கிளாரினெட்டில் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டே போனார். கெர்ஷ்வின் எழுதியது தனித்தனிச் சுரங்கள்தான். கார்மன் வேடிக்கைக்காக இழுத்ததை அவர் அப்படியே வைத்துக்கொண்டார் என்பார்கள். உலகமே வியந்தது. எங்கள் ஊரில் அதற்கு ஜாரு என்று பெயர், அதை ஒழுங்காகப் போடாவிட்டால் காப்பி கிடையாது.

கே: இதையெல்லாம் கிளாரினெட் இல்லாமல் வீட்டில் செய்து பார்க்க வழி உண்டா?
(ஆரம்பப் பள்ளி ஆசிரியை, நாகப்பட்டினம்)

ப: ஒரு ஸ்ட்ரா போதும். ஒரு முனையைப் பல்லால் கடித்துத் தட்டையாக்கி, இரண்டு ஓரத்தையும் கத்தரியால் சரித்து வெட்டி, நாதஸ்வரச் சீவாளி மாதிரி கூராக்குங்கள். அந்த முனையை வாய்க்குள் முழுதாக விட்டு உதட்டால் இலேசாக அழுத்தி ஊதுங்கள். முதல் பத்துத் தடவை 'புஸ்'. பதினோராவது தடவை வாத்து கத்தும். கத்திக்கொண்டிருக்கும்போதே மறுமுனையைக் கத்தரியால் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டு வாருங்கள். வாத்து, குஞ்சு வாத்து, குருவி. பாதியாகும்போது ஏறக்குறைய ஒரு ஸ்தாயி ஏறியிருக்கும். நீங்கள் வெட்டியது குழாயை. ரீடைத் தொடவே இல்லை. மூக்கை வெட்டிக்கொள்ளும் தூரத்துக்கு முன்னால் நிறுத்திவிடுங்கள்.

ஸ்ட்ரா கிடைக்காவிட்டால் பூவரச இலை இருக்கவே இருக்கிறது. சுருட்டி நுனியை நசுக்கி ஊதிய பீப்பீ, நம் பிள்ளைகளின் முதல் இரட்டை ரீடு. இதற்குக் கத்தரி வேண்டாம், பின்பக்கமாகக் கிள்ளிக்கொண்டே வரலாம். பசுமாடு பார்க்காத இடத்தில் செய்யுங்கள்.

கே: இவ்வளவு பேசுகிறீர்களே, இப்போதும் வாசிக்கிறீர்களா?
(பழைய இரசிகர், தஞ்சாவூர்)

ப: இந்தக் கேள்வியைத் தவிர்க்கலாம் என்றிருந்தேன். ஆசிரியர் குழு விடவில்லை.

கிளாரினெட் வாசிக்க மேல்வரிசை முன்பல் வேண்டும். ஊதுவாயின் மேல்பக்கம் பல்லில் ஊன்றி நிற்கும், அதிர்வு பல் வழியாக மண்டைக்குள் ஏறும். வாசிப்பவர் தன் வாத்தியத்தைப் பாதி எலும்பால்தான் கேட்கிறார். மூன்று வருடம் முன்பு எனக்கு மேல்வரிசை முழுதும் போய்ப் பல்செட் வந்தது. தைப்பூசத்தன்று பெட்டியைத் திறந்து, ரீடைச் சப்பி, ஊதுவாயை வைத்து மோகனத்தில் ஒரு ஷட்ஜம் பிடித்தேன். ஷட்ஜம் வந்தது. கூடவே, மேலண்ணத்தில் பல்செட் தனியாக ஒரு 'ர்ர்ர்ர்' எடுத்தது. துளையை மூடினேன், திறந்தேன், ரிஷபம், காந்தாரம், பஞ்சமம் என்று போனேன். ரீடு ஒழுங்காகப் பின்னால் வந்தது. பல்செட் எந்தச் சுரத்துக்கும் அசையாமல் அதே 'ர்ர்ர்ர்'. பித்தளைச் சாதி.

பல் மருத்துவரிடம் போய் நிலைமையைச் சொன்னேன். "சாப்பிடும்போது ஆடுகிறதா?" என்றார். இல்லை என்றேன். "பேசும்போது?" இல்லை என்றேன். "அப்புறம் எப்போது ஆடுகிறது?" என்றார். பையிலிருந்து கிளாரினெட்டை எடுத்துப் பூட்டினேன். வெளியே காத்திருந்தவர்களில் ஒரு குழந்தை மட்டும் கைதட்டியது. மருத்துவர் கொஞ்சம் பசை எழுதிக் கொடுத்திருக்கிறார்.